அடைக்காத துளைகள்

துப்பாக்கியைப் பற்றி ஒரு குருவானவர் எழுதலாமா என்று வாசகர்களில் சிலர் நினைக்கக்கூடும். அந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது. அதனால்தான் இக்கட்டுரையை மூன்று ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வந்தேன். ஆனால், தாள்கள் பறந்துவிடாதபடி என் மேசைமேல் நான் வைத்திருக்கும் ஒரு சிறிய இரும்புத் தகடு, பார்க்கும்போதெல்லாம் ஒரு கடனை நினைவூட்டுகிறது. அதன் கதையைச் சொல்லி முடித்தால் கடனில் ஒரு பங்கேனும் தீரும்.

2016 முதல் 2022 வரை ஆறு ஆண்டுகள், அமெரிக்க நாட்டின் தென் டகோட்டா மாநிலத்து மேற்குப் பகுதியில் பங்குப்பணி ஆற்றினேன். கண்ணுக்கு எட்டியமட்டும் புல்வெளி. என் பொறுப்பில் மூன்று சிற்றாலயங்கள். ஓர் ஆலயத்திற்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். பனிக்காலத்தில் குளிர் சுழியத்திற்குக் கீழே இருபது பாகைக்கு இறங்கிவிடும். அப்படிப்பட்ட ஒரு மாலைத் திருப்பலிக்குப் பின், "இந்தக் காற்றில் நீங்கள் வண்டி ஓட்டக்கூடாது, ஃபாதர்" என்று சொல்லி, ஒரு பெரியவர் என்னைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்றார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. மனைவியை இழந்து தனியே வாழ்ந்தவர். பள்ளி ஒன்றில் மாணவர்களுக்கு மரவேலையும் இரும்பு வேலையும் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய முன்னோர் ரஷ்யாவில் குடியிருந்த ஜெர்மானியர்கள். அங்கிருந்து புறப்பட்டு, நிலம் தேடி அந்தப் புல்வெளிக்கு வந்தவர்கள்.

சூப் அருந்திய பின் தம் பட்டறையைக் காட்டினார். கார் நிறுத்தும் கொட்டகையின் ஒரு பாதியே பட்டறை. மேசையின்மேல் விரித்திருந்த கம்பளித் துணியில் ஒரு பழைய துப்பாக்கி கிடந்தது. "என் பாட்டனாரின் தந்தையுடையது. சாவதற்குள் இதைச் சீராக்கி, இதில் அவர் பெயரைப் பொறித்துவிட்டுப் போக வேண்டும்" என்றார்.

அது 1873-ஆம் ஆண்டு மாதிரி வின்செஸ்டர். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் அந்த மாதிரியில் ஏறத்தாழ 7 இலட்சத்து 20 ஆயிரம் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. விசைக்குக் கீழே விரல்கள் நுழையும் வளையமாக ஒரு நெம்புகோல் இருக்கும். அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் குழலுக்கு அடியிலுள்ள நீண்ட குழாயிலிருந்து அடுத்த தோட்டா ஏறி வந்து நிற்கும். பெரியவரிடம் இருந்தது குதிரைமேல் செல்வோருக்கான குட்டை வகை. குழலின் நீளம் இருபது அங்குலம். பன்னிரண்டு தோட்டாக்கள் கொள்ளும். ஒவ்வொரு தடவை சுட்ட பின்னும் நின்று தோட்டா திணிக்கவேண்டிய துப்பாக்கிகளே எங்கும் மலிந்திருந்த காலத்தில் இது எத்தகைய வலிமை என்பதைச் சொல்லத் தேவையில்லை. 'மேற்கை வென்ற துப்பாக்கி' என்று பின்னாளில் அந்த நிறுவனமே விளம்பரம் செய்தது. வென்றது என்றால் யாரிடமிருந்து வென்றது என்ற கேள்வி அன்று என் மனத்தில் எழவில்லை.

அடுத்த இரண்டு பனிக்காலங்களிலும் வாரம் ஒரு மாலை அந்தப் பட்டறையில் கழிந்தது. எனக்குத் துப்பாக்கிமேல் ஆசை கிடையாது. அந்த மனிதரின் பொறுமையின்மேல் ஆசை வந்தது. முதலில் அவர் துப்பாக்கியைத் தொடவே இல்லை, திருப்புளிகளைத் தீட்டினார். ஒவ்வொரு திருகாணியின் பிளவுக்கும் அச்சாகப் பொருந்தும்படி ஒவ்வொரு திருப்புளியின் முனையையும் சாணை பிடித்தார். பொருந்தாத திருப்புளியைக் கொண்டு அவசரப்பட்டவர்கள் சிதைத்த திருகாணித் தலைகளைத்தான் பழைய துப்பாக்கிகளில் அதிகம் காணலாம் என்றார். துரு இறுகிய திருகாணிகளுக்கு எண்ணெய் விட்டு நாள்கணக்கில் காத்திருந்தார். அந்த மாதிரியில் நடு உடலின் இருபுறமும் இரண்டு பக்கத் தகடுகள் உண்டு. ஒரே திருகாணி இரண்டையும் பிணைத்திருக்கும். அதைச் சற்றே தளர்த்தி, அதன் தலையில் மெல்லத் தட்டினால் மறுபுறத் தகடு தானாக எழும்பும். நெம்பி எடுக்க முயன்றால் விளிம்பு கெடும்.

தகடு எழும்பியபோது உள்ளே கரிய பசை தெரிந்தது. பழைய கருமருந்தின் கரி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும். தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் பித்தளைக் கட்டை மட்டும் மங்கிய பொன்னாகக் கிடந்தது. பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எண் எழுதிய சிறு பெட்டிகளில் வைத்தார்.

துருவை அவர் நீக்கிய முறை எனக்குப் புதிது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவார் என்று எண்ணியிருந்தேன். அவர் இரும்புப் பாகங்களைத் தூய நீரில் இட்டுக் கொதிக்க வைத்தார். அரை மணிக்குப் பின் எடுத்தபோது சிவந்த துரு கறுத்திருந்தது. சிவப்புத் துரு இரும்பை அரித்துக்கொண்டே போகும். கொதிநீரில் அது கருந்துருவாக மாறியபின் அரிப்பு நின்றுவிடும். உதிரக்கூடியதை மட்டும் மெல்லிய எஃகு நாரால் துடைத்தார். எஞ்சிய கருமை இரும்போடு இரும்பாக ஒட்டி நின்று அதைக் காத்தது. துப்பாக்கிக் குழல்களுக்குக் கருநீல நிறம் ஏற்றும் பழைய கலையே இதுதானாம். இரும்பை வேண்டுமென்றே துருப்பிடிக்கச் செய்து, கொதிக்க வைத்து, துடைத்து, மறுபடியும் துருப்பிடிக்கச் செய்து, ஆறேழு முறை இப்படியே மாற்றி மாற்றிச் செய்வார்கள். அழிப்பதே காப்பதாக மாறும் இந்த விந்தையை நான் மறையுரையில் சொல்லலாமா என்று கேட்டேன். "என் பெயரைச் சொல்லாமல் சொல்லுங்கள்" என்று சிரித்தார்.

இரும்பு வேலை முடிந்தபின் மரக்கட்டையை எடுத்தார். அமெரிக்கக் கறுப்பு வால்நட் மரம். நூறாண்டுக்கு மேற்பட்ட அழுக்கும் மெழுகும் படிந்து கறுத்திருந்தது. மென்மையான கரைப்பானைத் துணியில் தொட்டுத் துடைக்கத் துடைக்க, அழுக்கின் அடியிலிருந்து ஏதோ ஒரு வடிவம் எழுந்து வந்தது. கட்டையின் இருபுறமும் சிறு துளைகள். அவற்றில் பழைய மெழுகு அடைந்திருந்தது. ஊசியால் குத்தி எடுத்தபோது ஒவ்வொரு துளையும் சதுரமாக இருந்தது. எண்ணினோம்: ஒரு பக்கம் நாற்பத்தொன்று, மறுபக்கம் முப்பத்தெட்டு. துளைகள் வரிசையாகச் சென்று ஒரு சாய்சதுரமாகவும், அதன் நடுவே ஒரு சிலுவை வடிவமாகவும் அமைந்திருந்தன. கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்தில் ஒரு பழைய விரிசல். அதைச் சுற்றி நான்கு விரல் அகலத்திற்கு மரம் வெளிறியிருந்தது.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார்.

எனக்குப் பொருள் விளங்கவில்லை, அவருக்கு விளங்கியிருந்தது. அந்தப் புல்வெளியின் பூர்வ குடிகள் தம் துப்பாக்கிக் கட்டைகளில் பித்தளைக் குமிழாணிகளை அடித்து அழகுபடுத்துவார்கள். கட்டை விரிசல் கண்டால் ஈரமான பச்சைத் தோலைச் சுற்றித் தைத்துவிடுவார்கள். காய்ந்து சுருங்கும் தோல் இரும்புப் பட்டையைப்போல் இறுக்கிப் பிடிக்கும். ஆணிகளைப் பிடுங்கி, தோலை அறுத்தெடுத்து, துளைகளை மெழுகால் அடைத்தது யார்?

வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த கதை ஒன்று இருந்தது. 1891-ஆம் ஆண்டு பனிக்காலத்தில் பாட்டனாரின் தந்தை இந்தத் துப்பாக்கியை ஒரு மூட்டை மாவுக்கு வாங்கினாராம். நல்ல பேரம் என்று திருநாள் விருந்துகளில் சொல்லிச் சிரிப்பார்களாம். யாரிடம் வாங்கினார் என்று எவரும் சொன்னதில்லை. எவரும் கேட்டதும் இல்லை.

அந்த ஆண்டின் பின்னணியை அறியாமல் இந்தக் கதையின் கனம் தெரியாது. 1868-ஆம் ஆண்டு ஃபோர்ட் லாரமி உடன்படிக்கையால் லக்கோட்டா மக்களுக்குப் பெரும் நிலப்பரப்பு உறுதியளிக்கப்பட்டது. அதிலிருந்த பிளாக் ஹில்ஸ் குன்றுகளில் பொன் கிடைத்ததும், 1877-இல் அரசு அவற்றை எடுத்துக்கொண்டது. 1889-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எஞ்சிய பெருநிலம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, அதில் ஒரு பெரும்பகுதி குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. அதே காலத்தில் லக்கோட்டா மக்களுக்கு வழங்கிவந்த இறைச்சிப் பங்கீடும் குறைக்கப்பட்டது. 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ ஓடைக்கரையில், ஒரு கூட்டத்தாரிடமிருந்து படைவீரர்கள் துப்பாக்கிகளைப் பறித்துக்கொண்டிருந்தபோது ஒரு குண்டு வெடித்தது. அதைத் தொடர்ந்த படுகொலையில் இறந்தோர் 150-க்கும் 300-க்கும் இடைப்பட்டோர் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் பலர். இதற்கு அடுத்த சில வாரங்களில்தான் எங்கோ ஒருவர் ஒரு மூட்டை மாவுக்குத் தம் துப்பாக்கியைக் கொடுத்திருக்கிறார்.

பெரியவர் உறுதி தேடினார். வயோமிங் மாநிலத்துக் கோடி நகர அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் தொழிற்சாலையின் பழைய பேரேடுகள் உள்ளன. துப்பாக்கியின் வரிசை எண்ணை எழுதியனுப்பினால், பேரேட்டில் உள்ளதைக் கடிதமாக அனுப்புவார்கள். கடிதம் வந்தது. 1882-இல் கிடங்கிற்கு வந்தது, பின்னர் அனுப்பப்பட்டது, குட்டை வகை, சாதாரணக் கட்டை. அவ்வளவே. எந்த நாள் புறப்பட்டது என்று பேரேட்டுக்குத் தெரியும்; எந்தக் கையில் சேர்ந்தது என்று தெரியாது.

துளைகளும் முழுச் சான்று ஆகமாட்டா என்பதை அவரே எனக்கு விளக்கினார். விலையைக் கூட்டுவதற்காகப் பழைய துப்பாக்கிகளில் ஆணியடித்து ஏமாற்றும் வணிகர்கள் உண்டு. வெள்ளையரிலும் சிலர் இப்படி ஆணியடித்து அழகு பார்த்ததுண்டு. "ஆனால் விலைக்காக அடித்தவன் ஆணியைப் பிடுங்கி மெழுகு பூசி மறைப்பானா, ஃபாதர்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

குருமடத்தில் அறநெறி இறையியல் வகுப்பில் ஈடுசெய்தல் பற்றி ஒரு பருவம் முழுதும் படித்தேன். உரியவர் தெரிந்தால் பொருளை அவரிடமே சேர்க்கவேண்டும். உரியவர் இன்னார் என்று அறியவே முடியாதபோது, இயன்ற அளவு ஈடு செய்யவேண்டும்; அவர் பெயரால் ஏழைகளுக்குக் கொடுப்பது அதற்கு ஒரு வழி. இது 13-ஆம் நூற்றாண்டில் தூய தோமா அக்குவினா தந்த தெளிவு. தேர்வில் எனக்கு நல்ல மதிப்பெண். ஆனால் பசித்தவன் தானாகவே நீட்டிய பொருளை, அவன் கேட்ட விலைக்கே வாங்கியவன் திருடனா? சட்டப்படி அது விற்பனை. 'இருவரும் ஒப்பினர்' என்று எழுதிவிடலாம். ஒருவருடைய ஒப்புதலைப் பசி கையெழுத்திட்டுத் தந்தது என்பதைப் பேரேடு குறிக்காது.

ஆங்கிலத்தில் 'ரிஸ்டோர்' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். பழுதானதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ஒன்று. உரியவரிடம் திருப்பித் தருவது மற்றொன்று. நம் மொழியில் இவை இருவேறு சொற்கள். அந்தப் பெரியவர் முதற்பொருளில் வேலையைத் தொடங்கினார். இரண்டாம் பொருள் அவர் கையில் வந்து நின்றது.

வேலையில் வல்லவர்கள் மரத்திலுள்ள துளையை அடைப்பது எளிது. அதே வால்நட் மரத்தூளைப் பசையில் குழைத்து நிரப்பி, எண்ணெய் பூசினால் கண்டுபிடிக்கவே இயலாது. ஈரத்துணியை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் அமுங்கிய மரம்கூட ஆவியில் உப்பி மேலெழும். இந்த வேலைகளையெல்லாம் ஆண்டுக்கணக்கில் மாணவர்களுக்குக் கற்பித்தவர் அவர். துளைகளை என்ன செய்வது என்று அவர் என்னைக் கேட்டபோது, "உங்களைவிட உரிமையுள்ள ஒருவரைக் கேட்போம்" என்று மட்டும் சொன்னேன். அந்த இரண்டு ஆண்டுகளில் நான் அவருக்குச் செய்த உதவி அந்த ஒரு வாக்கியமே.

2019-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் பைன் ரிட்ஜ் பகுதிக்கு இருவரும் சென்றோம். அங்கே எனக்கு அறிமுகமான முதிய லக்கோட்டா உபதேசியார் ஒருவர் இருந்தார். 1950-இல் இறந்த நிக்கோலாஸ் பிளாக் எல்க் என்னும் லக்கோட்டா உபதேசியாரின் புனிதர் நிலைக்கான பணிகள் 2017-இல் தொடங்கின. அவர் ஊழியம் செய்த மண் அது. உபதேசியார் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டார். நெம்புகோலையோ குதிரையையோ அவர் பார்க்கவில்லை. கண்களை மூடி, ஒவ்வொரு துளையாக விரல்நுனியால் தடவிக்கொண்டே போனார். பிறகு பேசினார்:

"இது யாருடையது என்று எனக்கும் தெரியாது. எங்களுடையது என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். ஆனால் துளைகளை அடைக்காதீர்கள்."

வேறொன்றும் சொல்லவில்லை. காப்பி தந்தார். பெரியவரின் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். புறப்படும்போது, பணமாக ஏதேனும் தரலாமா என்று பெரியவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். உபதேசியார் சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருளை வண்டியில் திரும்பும்போது பெரியவர் எனக்குச் சொன்னார். பிளாக் ஹில்ஸ் குன்றுகளை எடுத்துக்கொண்டது தவறு என்று ஏற்று, 10 கோடி டாலருக்கு மேற்பட்ட இழப்பீட்டை 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நாட்டிலேயே மிக வறிய பகுதிகளுள் ஒன்றில் வாழும் அந்த மக்கள் அந்தப் பணத்தை ஏற்கவில்லை. நிலமே வேண்டும் என்றார்கள். வட்டியோடு வளர்ந்து நூறு கோடியைத் தாண்டிய பின்னும் அது தொடப்படாமல் கிடக்கிறது. "அத்தகைய மக்களிடம் நான் பணம் தரட்டுமா என்று கேட்டுவிட்டேன்" என்று பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார்.

இனி அந்த இரும்புத் தகட்டின் கதை. பாட்டனாரின் தந்தை பெயரைப் பொறிப்பதற்காகவே பெரியவர் எழுபத்தாறாம் வயதில் சித்திர வேலை கற்கத் தொடங்கியிருந்தார். துப்பாக்கியின் பழைய தகட்டைத் தொடாமல், அதே அளவில் மென்மையான இரும்பில் புதிய பக்கத் தகடு ஒன்றை அறுத்து, அரத்தால் இழைத்து வைத்திருந்தார். பழகுவதற்கென்று சிறு தகடுகள் பல. வெள்ளைப் பூச்சின்மேல் பென்சிலால் ஒரு சுருள்கொடி வரைவார். முதலில் நடுத்தண்டின் சுருள், அதிலிருந்து இலைகள். பிறகு சதுர முனையுள்ள சிற்றுளியைச் சிறு சுத்தியால் தட்டித் தட்டிக் கோட்டை வெட்டிக்கொண்டு போவார். உளி கூராக இருக்கிறதா என்று அறிய அதை விளக்கொளியில் காட்டுவார். முனை மின்னினால் மழுங்கியிருக்கிறது என்று பொருள். கூரிய முனை ஒளியைத் திருப்பித் தராது.

என்னையும் வெட்டிப் பார்க்கச் சொன்னார். மூன்றாம் தட்டிலேயே உளி வழுக்கிக் கொடியைத் தாண்டி ஓடியது. இரும்பில் அழிப்பான் கிடையாது. வழுக்கிய கோட்டைத் தேய்த்து மறைக்கப் பார்த்தால் அவ்விடம் பள்ளமாகிவிடும். "அதை ஓர் இலையாக்கிவிடலாம். ஆனால் உங்களுக்குத் தெரியும், அது இலையாக இருந்ததில்லை என்று" என்றார். அந்தத் தகடுதான் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. கோட்டை நான் இலையாக்கவில்லை.

அவருடைய புதிய பக்கத் தகட்டில் கொடிகள் முடிந்துவிட்டன. நடுவே பெயருக்கான நீள்வட்டம் காத்திருந்தது. பைன் ரிட்ஜிலிருந்து திரும்பிய பின் ஒரு மாதம் அவர் உளியை எடுக்கவில்லை. ஒரு நாள் போனபோது துப்பாக்கி முழுமையாகப் பூட்டப்பட்டிருந்தது. கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் மட்டும். துளைகள் எல்லாம் திறந்தே இருந்தன. பழைய பக்கத் தகடே திரும்பவும் ஏறியிருந்தது. புதிய தகட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். அதன் நடுவட்டம் வெறுமையாகவே இருந்தது. பெட்டியின் மூடிக்குள் இரண்டு பக்கக் கடிதம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. ஒரு மூட்டை மாவின் கதையும், துளைகளின் எண்ணிக்கையும், தோல் சுற்றிய தடமும், தமக்குத் தெரியாதவை இன்னின்னவை என்பதும் அதில் இருந்தன. தம் காலத்திற்குப் பின் இதைக் கேட்க உரிமையுள்ளவர் எவரேனும் வந்தால் தடையின்றித் தந்துவிட வேண்டும் என்று பேத்தியிடம் வாக்குப் பெற்றிருந்தார். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர அருங்காட்சியகம், வூண்டட் நீயிலிருந்து வந்ததாகக் கருதப்படும் சடங்குச் சட்டை ஒன்றை 1999-இல் லக்கோட்டா மக்களிடம் திருப்பித் தந்ததாம். அந்தச் செய்தித் தாள் நறுக்கையும் கடிதத்தோடு வைத்திருந்தார். "நூறாண்டுக்குப் பின்னும் கேட்டு வருகிறார்கள் பாருங்கள்" என்றார். விருந்துகளில் அந்தப் பேரத்தைச் சொல்லிச் சிரிக்கும் வழக்கம் அந்த வீட்டில் அவரோடு நின்றது. 2021-இல் அவர் இறந்தார். அடக்கத் திருப்பலியை நான்தான் நிறைவேற்றினேன்.

இதுவரை எழுதியதை இங்கேயே முடித்தால், பிறருடைய முன்னோரின் குற்றத்தைச் சுட்டிக்காட்டிய கட்டுரையாக இது நின்றுவிடும். எழுதாமல் மூன்றாண்டு தள்ளிப்போட்டதற்குக் காரணம் இனிமேல் வருவது.

பெரியவர் பெயருக்கான நீள்வட்டத்தை வரைந்த அந்த மாலையிலேயே என் மனத்தில் ஒரு பித்தளை அண்டா வந்து நின்றது. நம் ஊர்களில் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்குச் சீராகத் தரும் பாத்திரத்தில் புள்ளி புள்ளியாக அவள் பெயரை வெட்டித்தான் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் பெரிய அண்டா ஒன்று உண்டு. திருவிழா அசனத்துக்கு அதில்தான் சோறு வடிப்பார்கள். அதன் விளிம்பில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அது எங்கள் வீட்டுப் பெண் எவருடைய பெயரும் இல்லை. சிறுவயதில் நான் அதை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். யார் என்று கேட்டதில்லை. 1966 வாக்கில், அரிசி கிடைக்காத நாள்களில் எங்கள் தாத்தா இரண்டு மரக்கால் நெல்லுக்கு அதை அடகு பிடித்தார், மீட்க யாரும் வரவில்லை என்று மட்டும் கேள்வி. நல்ல பேரம் என்று எங்கள் வீட்டிலும் சொல்லியிருக்கிறார்கள்.

2022-இல் ஊர் திரும்பியதும் அண்டாவைத் தேடினேன். பரணில் கிடந்தது. ஐம்பது ஆண்டுப் புளியும் சாம்பலும் தேய்த்ததில் பெயர் பாதி மறைந்திருந்தது. யாருடையது என்று தம்பியைக் கேட்டேன். "யாருக்குத் தெரியாது? கீழத்தெரு வீட்டுப் பாட்டியுடைய அம்மா பெயர்தானே" என்றான். கடல் கடந்து தேடவேண்டிய தேவை இல்லை. பேரேடு பார்க்கவேண்டிய தேவையும் இல்லை. இருநூறு அடி தொலைவு. பிறந்தநாள் தொட்டு அந்தத் தெருவைக் கடந்துதான் கோயிலுக்குப் போயிருக்கிறேன்.

மறுநாள் ஒரு வண்டியில் அண்டாவை ஏற்றிக்கொண்டு போனேன். பாட்டிக்கு எழுபது வயது கடந்திருக்கும். என்ன சொல்லித் தருவது என்று வழியெல்லாம் சொற்களைக் கோத்துக்கொண்டு போனவனுக்கு, அங்கே போனதும் ஒன்றும் வரவில்லை. "இது உங்கள் வீட்டுப் பொருள், பாட்டி" என்றேன். அவர் அண்டாவின் விளிம்பில் கைவைத்து, தேடாமலே சரியான இடத்தில் விரலை நிறுத்தினார்.

"எங்க அம்மா பேரு, சாமி" என்றார். சற்றுப் பொறுத்து, "என் கல்யாணத்துக்கு இதுலதான் சோறு ஆக்குனோம்" என்றார்.

எனக்குக் கணக்குப் புரியவில்லை. அவர் திருமணம் 1970-களில் நடந்தது. அண்டா அதற்கு முன்பே எங்கள் வீட்டிற்கு வந்துவிட்டது. அதைச் சொன்னேன்.

"ஆமா சாமி. உங்க வீட்டுல போயி இரவல் கேட்டுத்தான் வாங்கியாந்தோம். மறுநாளு வெளக்கி நாந்தான் கொண்டாந்து குடுத்தேன். புதுப்பொண்ணு."

தம் தாயின் பெயர் வெட்டிய பாத்திரத்தை இரவல் கேட்டு வாங்கி, தம் திருமணத்துக்குச் சோறாக்கி, அந்தப் பெயரைத் தாமே சாம்பலிட்டு விளக்கி, எங்கள் வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் வீட்டார் அதை எண்ணிப் பார்த்து வாங்கி உள்ளே வைத்திருப்பார்கள்.

பாட்டி என்னைத் திட்டவில்லை, வாழ்த்தவும் இல்லை. "இம்மாம் பெரிய அண்டாவ வச்சிக்கிட்டு இனி நான் என்ன பண்ண?" என்று கேட்டுவிட்டு, பேரனைக் கூப்பிட்டு உள்ளே தூக்கி வைக்கச் சொன்னார். அவன் தேய்த்துப் பளபளப்பாக்கட்டுமா என்று கேட்டான்.

"பேரு கிட்ட தேய்க்காத" என்றார் பாட்டி.